தீட்டிக் கொடுத்த கத்தி

ஸலாஹுதீனிடம் கத்தி கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. சம்மாந்துறையில் அவர் வேலை செய்த அரிசி ஆலையில் மட்டுமல்ல, அந்தத் தெருவில் இருந்த ஏழெட்டு ஆலைகளுக்கும், நெல் கொண்டுவரும் லொறிக்காரர்களுக்கும், உழவு மெசின்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

முதலில் கேட்க வேண்டும். சாக்கின் மேல் கிடந்தது என்று எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. கேட்டால் மட்டும் போதாது, எதற்கென்றும் சொல்ல வேண்டும். "கயிறு அறுக்க" என்றால் கை நீளும். "மீன் டின் தொறக்க" என்றால் மனிதர் மறுபக்கம் திரும்பிச் சாக்குத் தைக்கத் தொடங்கிவிடுவார்.

அது ஒரு வில்லுக்கத்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். பரம்பரைச் சொத்து ஒன்றுமில்லை. கல்முனைச் சந்தையில் ஒரு இரும்புக் கடையில் அவரே வாங்கியது. பிடி ஒருமுறை வெடித்தபோது எருமைக் கொம்பில் புதுப் பிடி போட்டுப் பித்தளை ஆணி அடித்திருந்தார். பத்தொன்பது வருடமாக அவருடைய சாப்பாடு அந்தக் கத்தியின் அலகில்தான் வந்தது. வருகிற மூட்டைகளின் வாயைப் பிரிப்பது, நெல்லைக் கையில் அள்ளி ஈரம் பார்ப்பது, அரிசி நிறைந்த சாக்குகளைத் தைத்து நூலை அறுப்பது என்று நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு மூட்டை. தைக்கிற மெசின் வந்த பிறகும் நூல் சிக்கினால் மெசினே அவரைத்தான் கூப்பிடும்.

கத்தியை வாங்கியவர் சாப்பாட்டுச் சாமான் எதையும் அதனால் வெட்டக் கூடாது. ஆலையில் மூட்டை தூக்கும் நிஸாம் ஒருமுறை யாரும் பார்க்காத நேரம் அதில் தேசிக்காய் வெட்டினான். எலுமிச்சைப் புளியில் அலகு கறுத்துப் போனது. ஸலாஹுதீன் மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் நிஸாமே வந்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, ஒரு தேசிக்காய்க்கு எத்தின நாள் தண்டன?" என்று கேட்டான்.

"எத்தின துண்டா வெட்டின?"

"நாலு துண்டு."

"அப்ப இன்னும் ஒரு நாள் கெடக்கு."

முதலாளி ஹாஜியாரின் மைத்துனர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு கத்தியை வாங்கிக் கால் நகம் சீவினார். ஸலாஹுதீன் அவர் முன்னாலேயே கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் வைத்து, "ஹாஜியார், ஒங்கட மச்சான்ட காலுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாஜியார் சிரித்தார். மைத்துனர் சிரிக்கவில்லை.

விரித்த கத்தியைக் கொடுக்கும்போது பிடி வாங்குபவரின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பித் தரும்போது துடைத்து, மடக்கித் தர வேண்டும். துடைப்பது தன் இடுப்புச் சாரனில், அவருடைய சாக்கில் அல்ல. வாங்கிய கைதான் திருப்பித் தர வேண்டும், இன்னொருவரிடம் கொடுத்தனுப்பக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் அனுபவத்தில் வந்தது. ஒருமுறை கத்தி மூன்று கை மாறி முனை உடைந்து வந்தபோது மூன்று பேரும் அடுத்தவனைக் காட்டினார்கள். அன்றைக்குப் போட்டார் சட்டத்தை.

அவருடைய சட்டங்களில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஒவ்வொன்றுக்கும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு காரணம் இருந்தது. ஆலையில் கணக்கெழுதும் நளீமுக்கு வேறொரு சட்டம். கத்தியைக் கையிலிருந்து கைக்கு வாங்க மாட்டார்.

"கீழ வைங்க காக்கா. கையில தந்தா நமக்குள்ள பகை வரும்."

"கீழ வச்சா உமிதான் வரும்" என்பார் ஸலாஹுதீன். "பத்தொம்பது வருசமா ஊரெல்லாம் கையில குடுக்கிறன். பகை வாறதெண்டா இண்டைக்கு நான் உயிரோட இருப்பனா?"

கேட்காமலே ஒரு மரியாதை மட்டும் எப்போதாவது வந்து சேரும். கத்தியை வாங்கிப் போனவர் அதைத் தீட்டிக்கொண்டு வந்து தருவார். அதற்குச் சட்டம் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் அப்படித் தந்தவர்களை ஸலாஹுதீன் விரல் விட்டு எண்ணுவார். ஒருவரைப் பற்றி அவர் சொல்லக்கூடிய ஆகப் பெரிய நல்வார்த்தை, "அவன் தீட்டித் தந்த ஆள்" என்பதுதான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட, "அந்தக் குடும்பத்தில தீட்டித் தாற ஆள் இருக்கா?" என்று கேட்டார் என்று மனைவி றாஹிலா சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. ஒரு கூட்டம் செய்த கொலைகளுக்கு ஒரு சமூகத்தின் எல்லா வீடுகளும் கதவைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில், வாள் கத்தி இருந்தால் ஒப்படையுங்கள் என்று சொன்னார்கள். எந்தக் கத்தி, எவ்வளவு நீளம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாதபோது பயம் தானே அளந்துகொள்கிறது. சனங்கள் மாட்டிறைச்சிக் கத்தியைக் கிணற்றில் போட்டார்கள். தேங்காய் வெட்டும் கத்தியை வயலில் புதைத்தார்கள். றாஹிலா குசினியில் இருந்த நாலு கத்தியையும் பழைய சேர்ட் ஒன்றில் சுற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வெங்காயத்தைக் கல்லில் வைத்து நசுக்கினாள்.

"தேங்காத் திருவலைக்கும் பல்லிருக்கு. அதையும் எறியவா?" என்று கணவனைக் கேட்டாள்.

"ஒண்ட நாக்கும் கூர்தான். அத எங்க எறியிற?"

சிரித்தார்கள். ஆனால் வில்லுக்கத்தியை ஸலாஹுதீன் வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் ஆலையில் சாக்கு நூல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

மே மாதத்தில் நோன்பு வந்தது. எட்டாம் நோன்பன்று பகல் வரிப்பத்தான்சேனையிலிருந்து றிபாஸ் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் நெல் கொண்டுவந்தான். முப்பது வயதிருக்கும். சொந்தத்தில் இரண்டு ஏக்கர் வயல், மெசின் அண்ணன்காரனுடையது. வழியில் மழை தூறியதால் நெல்லை மூடிய படங்கை இறுக்கிக் கட்டியிருந்தான். நனைந்த கயிற்றின் முடிச்சு கல்லாகிவிட்டது.

"ஸலாஹுதீன் காக்கா, கத்தியத் தாங்க. முடிச்சு அறுக்க."

ஸலாஹுதீன் கொடுத்தார். றிபாஸ் அறுத்தான். அவன் பெட்டிமேல் ஏறி நின்று பாடுபட்டதை ஸலாஹுதீன் கீழே நின்று பார்த்தார். கடைசிக் கயிறு அறுந்து படங்கு சரிகிற நேரம் அவனுடைய ஃபோன் அடித்தது. மனைவி றுஸ்தா. வீட்டுக்கு ஆமி வந்து நிற்கிறது, சோதிக்க வேண்டுமாம், ஆம்பிளை இல்லாத வீட்டில் பிள்ளைகளோடு தனியாக நிற்கிறாள். ஆலைக்காரர்கள் நெல்லை அவசரமாக இறக்கிக் கொடுத்தார்கள். றிபாஸ் வெற்றுப் பெட்டியோடு மெசினை எடுத்துக்கொண்டு பறந்தான். கத்தி அவனுடைய சேர்ட் பைக்குள் இருந்தது என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

ஸலாஹுதீனுக்குப் பின்னேரம் நினைவு வந்தது. "றிபாஸ்தானே, நாளைக்குத் தருவான்" என்று நிஸாமிடம் சொன்னார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவருடைய ஃபோன் அடித்தது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஸலாஹுதீன் காக்காவா? நான் றிபாஸ்ட பொஞ்சாதி றுஸ்தா. ஒங்கட கத்தியோட அவரப் புடிச்சிட்டாங்க."

"எங்க, மகள்?"

"ரோட்டுல சோதிக்கிற இடத்தில. பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒங்கட கத்தியாலதான்! ஆமி சோதிச்சிட்டுப் போனதுக்குப் பொறகுதான் பையில அது கெடக்கிறதக் கண்டம். நான் ராவைக்கே சொன்னன், வாய்க்காலுக்குள்ள எறியிங்க எண்டு. கேக்கல்ல. அடுத்த ஊட்டுக் காக்கா சம்மாந்துறைக்குப் போறார், அவருக்கிட்டக் குடுத்தனுப்புங்க எண்டன். அதுக்கும் கேக்கல்ல. 'ஸலாஹுதீன் காக்காட கத்தி புள்ள. எண்ட கையால வாங்கினது, எண்ட கையாலதான் குடுக்கணும்' எண்டாரு. விடிய முந்தி நோன்புக்குச் சாப்பிட்டுப் போட்டு இரிந்து தீட்டினாரு. எண்ணெ பூசினாரு. லேஞ்சித் துணில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு. என்ன காக்கா கத்தி அது? தங்கமா?"

ஸலாஹுதீன் கையில் இருந்த சாக்கு ஊசியை நூல் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அவசரகாலச் சட்டத்தில போட்டா எப்ப வருவாரெண்டு தெரியாதாம். யாராவது பெரிய ஆளக் கூட்டி வாங்க எண்டாங்க. எனக்கு யாரத் தெரியும்?"

"நான் வாறன்" என்றார் ஸலாஹுதீன்.

தனியாகப் போக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆலையில் இத்தனை பேர் அந்தக் கத்தியைக் கையாண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் கூட வந்து, இது சாக்கு அறுக்கிற கத்தி என்று சொன்னால் போதுமே. முதலில் நிஸாமிடம் கேட்டார். நிஸாம் தோளில் இருந்த மூட்டையை இறக்கவே இல்லை.

"காக்கா, எனக்கு மூணு பொம்புளப் புள்ள."

"அதுக்கு?"

"நான் அந்தக் கத்தியக் கண்டதில்ல காக்கா."

"தேசிக்காய் வெட்டினாயே, அது கண்ண மூடிக்கிட்டா?"

நிஸாம் மூட்டையோடு நடந்துவிட்டான். நளீம் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நான் அத ஒங்கட கையால வாங்கினதே இல்ல, ஒங்களுக்கே தெரியும். எனக்குக் கீழதான் வைக்கச் சொல்லுவன்" என்றார். அது உண்மை. பகைக்குப் பயந்து தரையிலிருந்து எடுத்த மனிதருக்கு அன்றைக்கு அந்தப் பழக்கம் நல்ல சாட்சியாகிவிட்டது.

ஹாஜியார் அவரைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். "ஸலாஹுதீன், அது ஆலைட கத்தி எண்டு சொல்லிராத. நாளைக்கு இஞ்ச வந்து மூட்டையெல்லாம் குத்திப் பார்ப்பாங்க. ஒண்ட கத்தி எண்டும் சொல்லாத. உன்னையும் போட்டுருவாங்க. அந்தப் பொடியன் ஏதோ ரோட்டில கெடந்து எடுத்தன் எண்டு சொல்லட்டும்."

"அவன் பொய் சொல்ல மாட்டான் ஹாஜியார்."

"எப்பிடித் தெரியும்?"

"தீட்டிக்கிட்டு வந்திரிக்கான்" என்றார் ஸலாஹுதீன்.

ஹாஜியாருக்கு அது விளங்கவில்லை. ஸலாஹுதீன் வீட்டுக்குப் போனார். தலை, இமை, கை மயிர் எல்லாம் தவிட்டுத் தூசி. றாஹிலா விசயத்தைக் கேட்டாள். போக வேண்டாம் என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். சொன்னால் நின்றுவிடக்கூடும் என்ற பயம் அவருக்கே இருந்தது.

"சாரனையாவது மாத்திக்கிட்டுப் போங்க. தலைய ஒருக்காக் கழுவுங்க."

"வேணா. இந்தத் தூசியோடதான் போகணும். வேற சாட்சி எனக்கிட்ட இல்ல."

பொலிஸ் நிலையத்தின் வாசலில் றுஸ்தா சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அதைச் சரி என்றே நினைத்தார்.

உள்ளே மொழிபெயர்ப்புக்கென்று ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் இருந்தார். பெயர் கிசோக். ஸலாஹுதீன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, என்ட கத்தி எண்டு சொன்னீங்கள் எண்டா உங்களையும் உள்ள வைக்கேலும். விளங்குதா?"

"விளங்குது தம்பி."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சா வந்திரிக்க மாட்டன்."

கிசோக் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "எங்கட அப்பாவையும் ஒருக்கா இப்பிடித்தான் பிடிச்சவங்கள். பாளை சீவுற கத்தி. நான் அப்ப நாலாம் வகுப்பு. வந்து சொல்ல ஒருத்தரும் இருக்கேல்ல." அதற்கு மேல் சொல்லாமல் எழுந்து உள்ளே கூட்டிப் போனார்.

மேசையின் மேல் ஒரு பொலித்தீன் பைக்குள் கத்தி கிடந்தது. விரித்தபடி. அலகு பளபளத்தது. இத்தனை வருடத்தில் தன் கத்தி இவ்வளவு அழகாக இருந்து ஸலாஹுதீன் பார்த்ததில்லை. பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார், கிசோக் தமிழில் சொன்னார்.

"இது உன் கத்தியா?"

"ஓம் சேர்."

"என்ன வேலை?"

ஸலாஹுதீன் கையை நீட்டிக் காட்டினார். இடது சுட்டுவிரலில் சாக்கு நூல் இழுத்து இழுத்து விழுந்த பள்ளம், நகம் பாதி இல்லை. அதிகாரி விரலைப் பார்த்தார், தலையில் இருந்த தவிட்டைப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக் காட்டினார்.

"இது புதிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. எண்ணெய் போட்டிருக்கிறார்கள். துணியில் சுற்றி மறைத்துக் கொண்டுவந்திருக்கிறான். சாக்குக் கத்தியை எவன் இப்படிக் கொண்டு போவான்? யாரை வெட்டத் தீட்டினான்?"

குற்றச்சாட்டு மூன்று. தீட்டியது, எண்ணெய் போட்டது, துணியில் சுற்றியது. மூன்றும் மரியாதைகள். பயம் பிடித்த ஒரு நாட்டில் ஒரு மனிதனின் நல்ல பழக்கங்களை வரிசையாக எழுதினாலே போதும், அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இதையெல்லாம் ஸலாஹுதீன் அந்த இடத்தில் யோசிக்கவில்லை. றிபாஸ் பெட்டிமேல் நின்று கயிற்றோடு மல்லுக்கட்டியதுதான் அவருக்கு நினைவு வந்தது. சொல்ல வேண்டியது என்ன என்று தெரிந்தது. அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்றும் தெரிந்தது.

"நான் குடுக்கக்குள்ள அது மொட்டை சேர்."

கிசோக் மொழிபெயர்க்காமல் திரும்பிப் பார்த்தார். "என்ன ஐயா?"

"மொட்டை. கூர் மழுங்கிப் போச்சு. நோன்பு தொடங்கினத்திலயிருந்து நான் அதத் தீட்டல்ல. சோம்பல்." அவருடைய காது சிவந்துவிட்டது. ஊரெல்லாம் கத்திக்குச் சட்டம் சொல்கிற மனிதர். "நனஞ்ச கயிறு. அவன் மரம் அறுக்கிற மாதிரி இழுத்தான், அறுபடல்ல. கீழ நிண்டு நான் பார்த்தன். வெக்கமாத்தான் இரிந்திச்சு. ஒண்டும் சொல்லல்ல. அவனும் சொல்லல்ல. காக்காட கத்தி மொட்டை எண்டு மூஞ்சிக்கு நேர சொல்ல விருப்பமில்ல அவனுக்கு. கொண்டு போய்த் தீட்டிரிக்கான்."

கிசோக் சொல்லி முடித்தார். அதிகாரி கேட்டார்:

"அடுத்தவனின் கத்தியை இவன் ஏன் தீட்ட வேண்டும்?"

"தன்ட கத்தியெண்டா அப்பிடியே மடக்கிப் போட்டிருப்பான் சேர். அடுத்தவன்ட எண்டதாலதான் தீட்டினான்."

"யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாமே? இந்த நாட்களில் பைக்குள் கத்தியோடு வருவானா?"

"அது எண்ட பிழை. வாங்கின கைதான் தரணும் எண்டு சட்டம் போட்டது நான். அவன் அதுக்கு மதிப்புத் தந்தான். தண்டன எண்டா எனக்குத்தான் தரணும்."

அதிகாரி பையை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் அதை விரலால் அப்படியும் இப்படியும் நகர்த்தினார். கிசோக்கிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கிசோக் அதை மொழிபெயர்க்கவில்லை. பிறகு வாக்குமூலம் எழுதத் தொடங்கினார்கள்.

எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்கள். முழுக்கச் சிங்களம். ஸலாஹுதீனுக்கு அதில் தன் பெயர் எது என்றுகூடத் தெரியவில்லை. இந்தத் தீவில் எத்தனை ஆயிரம் பேர் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளாலேயே கூண்டில் நின்றிருப்பார்கள்!

"தம்பி, எனக்கு இத வாசிச்சுக் காட்டுங்க. மறுகாப் போடுறன்."

எழுதிய சார்ஜன்ட் எரிச்சலோடு பேனாவைத் தட்டினார். கிசோக் வாசித்தார். கத்தி தன்னுடையது என்றும், அதைச் சந்தேகநபரிடம் தானே கொடுத்ததாகவும் இருந்தது. கயிறு இல்லை. நெல் இல்லை. மொட்டை இல்லை.

"கயிறு அறுக்கக் குடுத்தன் எண்டு எழுதணும். மொட்டையாக் குடுத்தன் எண்டு எழுதணும். அவன் திருப்பித் தர வந்த வழியிலதான் புடிச்சீங்க எண்டு எழுதணும்."

"அது முக்கியமில்லையாம்" என்றார் கிசோக்.

"அவங்களுக்கு இல்ல. அவனுக்கு அதுதான் முக்கியம். எழுதாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டன். என்னையும் உள்ள போடுங்க."

பொறுப்பதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம் ஒரே சொல்லில் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் புதுத் தாளை எடுத்தார்.

வெளியே விட்டபோது நோன்பு திறக்க அரைமணி நேரம் இருந்தது. கிசோக் வாசல்வரை வந்தார்.

"பெரியவர் என்ன சொன்னவர் எண்டு தெரியுமா? அவற்ற ஊரில மண்வெட்டி இரவல் வாங்கினா ஆத்தில கழுவித்தான் திருப்பிக் குடுப்பினமாம். ஆனா விட ஏலாதாம், மேலிடத்து உத்தரவாம். அவசரகாலச் சட்டத்தை மட்டும் போடாம அனுப்புறன் எண்டவர்."

ஸலாஹுதீன் அதை அப்படியே போய் றுஸ்தாவிடம் சொன்னார். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

அதிகாரி சொன்னபடி செய்தார். ஆனாலும் றிபாஸ் பதின்மூன்று நாள் விளக்கமறியலில் இருந்தான். ஒரு கத்தியைத் துடைத்து, தீட்டி, உரியவரின் கையில் கொடுக்கப் போனதற்குப் பதின்மூன்று நாள். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் இதைவிட நீண்ட கணக்குகள் இருந்தன என்பது உண்மைதான். அதனால் இது நியாயமாகிவிடாது. நீதவான் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, மொட்டைக் கத்தி என்ற இடத்தில் நிமிர்ந்து பொலிசாரைப் பார்த்ததாக றிபாஸின் வழக்கறிஞர் வந்து சொன்னார். பிணை கிடைத்தது. வழக்கு மட்டும் கிடந்தது. கத்தி சான்றுப் பொருளாகக் கோட்டிலேயே நின்றுவிட்டது.

ஸலாஹுதீனைக் கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று ஹாஜியார் சொல்லியனுப்பியிருந்தார். பொலிசுக்குப் போன ஆளை ஆலையில் வைத்திருக்கப் பயம். சொல்ல வந்தவன் நிஸாம். சொல்லிவிட்டும் போகாமல் வாசலில் நின்றான்.

"காக்கா, கோவமா?"

"ஒனக்கு மூணு பொம்புளப் புள்ள எண்டு சொன்னாய். உண்மைதானே. போ."

அவரால் அதற்கு மேல் பெருந்தன்மையாக இருக்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நோன்பன்று, நோன்பு திறக்கிற நேரம் நெருங்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. றிபாஸ் இறங்கினான். மெலிந்திருந்தான், தாடியை வழித்திருந்தான். பின்னால் றுஸ்தா, பிள்ளைகள், இரண்டு பெரிய வத்தகப்பழம். ஸலாஹுதீன் முற்றத்தில் நின்றார். றிபாஸ்தான் முதலில் வாய் திறந்தான்.

"காக்கா, ஒங்கட கத்திய ஒங்கட கையில தர ஏலாமப் பெயித்து."

அவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. ஸலாஹுதீன் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பத்து மூன்று வயதில், பிள்ளைகளுக்கு முன்னால்.

"எண்ட சட்டத்தாலடா போனாய். இனி அந்தச் சட்டம் இல்ல. ஆரும் மறிச்சா எறிஞ்சிட்டு வா. எறிஞ்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நான் கேக்க மாட்டன்."

றிபாஸ் தலையை ஆட்டினான். "ஏலா காக்கா. அடுத்தவன்ட சாமான எப்பிடி எறியிற?"

"பாருங்க!" றுஸ்தா றாஹிலாவிடம் திரும்பினாள். "பதிமூணு நாள் உள்ள இரிந்தும் புத்தி வரல்ல பாருங்க ராத்தா!" கோபம் குரலில் இன்னும் இருந்தது. ஆனால் பழத்தை அவள்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். குசினியிலிருந்து அவள் குரல் கேட்டது: "ராத்தா, கத்தி எங்க?"

"வாய்க்காலுக்குள்ள" என்றாள் றாஹிலா.

ஒரு கணம் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வந்தது. வீட்டில் பழம் வெட்ட ஒரு கத்தி இல்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம், அங்கேயும் இல்லை. பாங்கு சொல்லி நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருந்தது. றிபாஸ் பழத்தை வாங்கி வாசற்படியில் ஓங்கிப் போட்டான். அது நாலாக வெடித்து, சிவந்த சதையும் விதையும் சாறும் எல்லோருடைய உடுப்பிலும் தெறித்தன. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, பழத்தைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது ஸலாஹுதீன் கேட்டார்:

"கோட்டுத் தவணை எப்ப?"

"அடுத்த மாசம் பதினொண்டு. நீங்களும் வந்து சாட்சி சொன்னா நல்லமாம், வக்கீல் சொல்றாரு."

"வாறன்."

றிபாஸ் விதையைத் துப்பிவிட்டு, கொஞ்சம் தயங்கி, அவருடைய முகத்தைப் பார்த்தான்.

"காக்கா, கோட்டுல ஊராக்களெல்லாம் இருப்பாங்க. ஆலைக்காரங்களும் வருவாங்க. அங்கயும் மொட்டை எண்டு சொல்லணுமே?"

றாஹிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். ஸலாஹுதீன் கையில் இருந்த துண்டை மெல்லத் தின்று முடித்தார்.

"சத்தமாச் சொல்லுவன்" என்றார்.